பெயரை மாற்றும் டெப்: தன்னியக்கத் திருத்தத்தை நிறுத்துவதா, பழக்குவதா?

சகோதரி, உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்ட விதம் இது. முல்லைத்தீவு மாவட்டத்தில் வெளிக்கள உத்தியோகத்தராக வேலை செய்கிறீர்கள். வயல்களையும் வீடுகளையும் பார்வையிட்டு அங்கேயே நின்று அறிக்கை எழுதுவதற்காக அலுவலகத்தில் ஒரு டெப், அதாவது கையடக்கத் தொடுதிரைக் கணினி, தந்திருக்கிறார்கள். அதில் தமிழில் எழுதும்போது ஆட்களின் பெயர்களும் ஊர்ப்பெயர்களும் நீங்கள் கவனிக்காத நேரத்தில் வேறொன்றாகிவிடுகின்றன. அதோடு, யானை வந்து பயிரை அழித்த காலங்களில் ஒரே வசனத்தை ஒரு நாளில் முப்பது தரம் எழுத வேண்டியிருக்கிறது. ஆகவே தன்னியக்கத் திருத்தத்தை முழுதாக நிறுத்துவதா அல்லது அதைப் பழக்கி எடுப்பதா என்றும், வசனங்களுக்குச் சுருக்கச் சொல் வைக்க முடியுமா என்றும், டெப் மாறினால் அந்தச் சுருக்கச் சொற்களும் கூட வருமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். முதற் கேள்விக்குள் நீங்கள் கேட்காத இன்னொன்றும் இருக்கிறது: பெயரை மாற்றுவது உண்மையில் தன்னியக்கத் திருத்தந்தானா? அது தெரியாமல் எதை நிறுத்தினாலும் பலன் பாதிதான்.

நான் கிளிநொச்சியில் பல வருடங்களாகத் தமிழ்த் தட்டச்சு கற்பிப்பவன். தட்டச்சுப் பொறியில் தொடங்கி, பாமினி என்ற பழைய எழுத்துருவில் பழகி, பின்னர் யூனிகோட் என்ற இன்றைய பொதுக் குறியீட்டு முறைக்கும் கைபேசிக்கும் வந்தவன். மென்பொருள் எழுதத் தெரிந்தவன் அல்லன். ஆகவே இந்தத் திருத்தங்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்பதைப் பற்றி உறுதியாகப் பேசுவேன். உங்கள் கையிலுள்ள டெப் என்ன வகை, அதில் எந்த விசைப்பலகைச் செயலி இருக்கிறது என்பவற்றை நீங்கள் எழுதவில்லை. செட்டிங்ஸ் பகுதியில் ஒவ்வொரு பதிப்புக்கும் பெயர்கள் சிறிது இடம் மாறும் என்பதால், நான் குறிப்பிடும் பெயர் அதே இடத்தில் இல்லாவிட்டால் அருகில் தேடிப் பாருங்கள்.

முதலில் ஒரு சிறு சோதனை செய்யுங்கள். நீங்கள் எழுதும்போது திரையில் தெரியும் விசைகளில் தமிழ் எழுத்துகள் இருக்கின்றனவா, ஆங்கில எழுத்துகள் இருக்கின்றனவா? தமிழ் எழுத்துகள் என்றால், நீங்கள் தட்டியது திரையில் சரியாக வந்து, இடைவெளி விசையைத் தட்டிய பிறகு சொல் மாறுகிறது அல்லவா? அதுதான் தன்னியக்கத் திருத்தம். ஆங்கில எழுத்துகளில் ஒலியைத் தட்ட அது தமிழாக வருகிறது என்றால் நடப்பது வேறு கதை. அங்கே உங்களுடைய சொல் என்று ஒன்று திரையில் இருந்ததே இல்லை. நீங்கள் கொடுத்தது வெறும் ஒலிக்குறிப்பு, அந்த ஒலிக்கு எந்தத் தமிழ்ச் சொல் பொருந்தும் என்பதைக் கருவி ஊகித்துத் தந்திருக்கிறது. ஆங்கிலத்தின் ஒரே எழுத்து நமக்கு ந, ன, ண என்று மூன்றாகவும், இன்னொன்று ல, ள, ழ என்றும், வேறொன்று ர, ற என்றும் பிரிவதால், ஒரு நீளமான ஊர்ப்பெயருக்குப் பத்துப் பன்னிரண்டு எழுத்துக்கூட்டல்கள் சாத்தியம். அவற்றுள் ஒன்றை அது தேர்ந்தெடுக்கிறது. இந்த ஊகத்தை ஓட்டோ கரெக்ஷன், அதாவது தன்னியக்கத் திருத்தம், என்ற தெரிவை அணைத்து நிறுத்த முடியாது, ஏனெனில் ஊகிப்பதுதான் அந்தப் பலகையின் வேலையே. என்னிடம் வந்து ‘அணைத்தும் மாறுகிறது’ என்று முறையிட்டவர்களில் பெரும்பாலானோர் இந்த இரண்டாவது வகையினர்.

இனி, அது ஏன் குறிப்பாக நம்முடைய பெயர்களில் கை வைக்கிறது என்பதைப் பார்ப்போம். தன்னியக்கத் திருத்தத்திடம் இரண்டு கணக்குகள் உள்ளன. நீங்கள் தட்டியதற்கு மிக அருகில், அதாவது ஓரெழுத்து ஈரெழுத்து வேறுபாட்டில், தனக்குத் தெரிந்த சொற்கள் எவை என்பது ஒன்று. அவற்றுள் மக்கள் அதிகம் எழுதுவது எது என்பது மற்றையது. பிரெட் டமெராவ் என்பவர் 1964இல் ஆங்கில எழுத்துப் பிழைகளை ஆராய்ந்து, அவற்றுள் 80 சதவீதத்துக்கு மேற்பட்டவை ஓரெழுத்து விடுபடுதல், ஓரெழுத்து கூடுதல், ஓரெழுத்து மாறுதல், அடுத்தடுத்த இரண்டு எழுத்துகள் இடம்மாறுதல் என்ற நான்கில் ஒன்றுதான் என்று எழுதினார். இன்றைய விசைப்பலகைகள் அதைவிட எவ்வளவோ நுணுக்கமானவை என்றாலும், ஓரெழுத்து வேறுபாட்டைப் பிழையாகச் சந்தேகிக்கும் புத்தி அவற்றிடமும் இருக்கிறது. நம்முடைய பெயர்களை அந்தக் கண்ணால் பாருங்கள். செல்வராசாவுக்கும் செல்வராஜாவுக்கும் இடையில் ஓரெழுத்து. புஸ்பராணிக்கும் புஷ்பராணிக்கும் இடையில் ஓரெழுத்து. விசயகுமாருக்கும் விஜயகுமாருக்கும் அப்படியே. வன்னியில் இவை இரண்டு வகையாகவும் எழுதப்படுகின்றன. ஒரே குடும்பத்தில் அண்ணன் ராசாவாகவும் தம்பி ராஜாவாகவும் பதிவாகியிருப்பதை நீங்களும் கண்டிருப்பீர்கள். கருவிக்கோ அதிகம் எழுதப்படுவது சரி, அருகிலிருக்கும் குறைந்தது பிழை. பொலிஸ், ஒக்டோபர் போன்ற நம் நாட்டு எழுத்து வழக்குகளுக்கும் இதே கதிதான்: தமிழில் எழுதுபவர்களில் மிகப் பெரும்பாலானோர் தமிழ்நாட்டினர் என்பதால் போலீஸும் அக்டோபரும் முன்னுக்கு வந்து நிற்கும்.

இதை வெறும் எரிச்சல் என்று நினைத்திருந்த எனக்கு ஒரு முறை நன்றாகவே அடி விழுந்தது. ஓர் அலுவலகத்துக்காக 140 பேர் கொண்ட பயனாளிகளின் பெயர்ப்பட்டியலை ஒரே மாலையில் டெப்பில் எழுதிக் கொடுத்தேன். இரண்டு கிழமை கழித்து ஒரு தாய் அடையாள அட்டையின் பிரதியோடு என் வாசலில் நின்றார். பட்டியலில் அவருடைய கணவரின் பெயர் நடராஜா, அட்டையில் நடராசா. பெயர் பொருந்தவில்லை என்று அவரைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். இடப்பெயர்வுகளில் எல்லா ஆவணங்களையும் தொலைத்துவிட்டு, பிறப்புச் சான்றிதழ் முதற்கொண்டு ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்த மனிதருக்கு, ‘ச’வா ‘ஜ’வா என்பது விளையாட்டான கேள்வி அல்ல. பட்டியலை எடுத்துப் பார்த்தேன். அதே வகையில் இன்னும் ஒன்பது பெயர்கள் மாறியிருந்தன. எழுதியபின் ஒருமுறை கூட மூலப் பிரதியோடு ஒப்பிடாதது என்னுடைய பிழை. கருவியைக் குறை சொல்லி ஒருவரிடமும் தப்ப முடியவில்லை.

ஆகவே என் பதில் திட்டமானது: பெயர்களும் ஊர்களும் நிறைந்த அரச அறிக்கை எழுதுபவர்கள் தன்னியக்கத் திருத்தத்தை நிறுத்திவிட வேண்டும், ஆனால் பரிந்துரைப் பட்டியை நிறுத்தக் கூடாது. இரண்டையும் ஒன்றென்று எண்ணிச் சேர்த்து அணைத்துவிட்டு, பிறகு எழுதுவது ஆமை வேகமாகிவிட்டது என்று அலுத்துக்கொள்பவர்கள் உண்டு. விசைகளுக்கு மேலே மூன்று சொற்களைக் காட்டும் அந்தப் பட்டி உங்களிடம் கேட்கிறது. நீங்கள் தொட்டால்தான் சொல் உள்ளே போகும். திருத்தம் கேட்பதில்லை. கூகுளின் ஜிபோர்ட் விசைப்பலகை என்றால், அதன் செட்டிங்ஸுக்குள் டெக்ஸ்ட் கரெக்ஷன் என்ற பகுதியில் ஓட்டோ கரெக்ஷன் தனித் தெரிவாகவும் பரிந்துரைகள் தனித் தெரிவாகவும் இருக்கும். முன்னதை மட்டும் அணையுங்கள். சம்சுங் டெப்பில் அந்த நிறுவனத்தின் சொந்த விசைப்பலகை இருந்தால் ஓட்டோ ரீப்ளேஸ் என்ற பெயரில் தேடுங்கள். ஐபேட் என்றால் செட்டிங்ஸ், ஜெனரல், கீபோர்ட் என்று போனால் ஓட்டோ கரெக்ஷன் தென்படும்.

அணைக்க முடியாத நிலையும் உண்டு: டெப் அலுவலகக் கட்டுப்பாட்டில் பூட்டப்பட்டிருக்கலாம், அல்லது ஆங்கிலத்தில் எழுதும்போது திருத்தம் உங்களுக்கு உதவுவதாகவே இருக்கலாம். அப்போது உடனே திருப்பும் வழியைப் பழகிக்கொள்ளுங்கள். ஜிபோர்ட்டில் சொல் மாறிய கணமே அழிக்கும் விசையை ஒரு தரம் தட்டினால் நீங்கள் எழுதியது திரும்பி வரும்படி ஓர் அமைப்பு இருக்கிறது. அது இயங்கும் நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். ஐபேட்டில் 2023இல் வந்த 17ஆம் பதிப்பு முதல், திருத்தப்பட்ட சொல்லின் கீழ் சிறிது நேரம் ஒரு கோடு தெரியும். அந்தச் சொல்லைத் தொட்டால் பழைய வடிவத்துக்கு மீளலாம். இரண்டும் அந்த நேரத்தில் கண் திரையில் இருந்தால்தான் பயன்படும். வெயிலில் வரம்பில் நின்றுகொண்டு, வியர்வை விரலால் எழுதும்போது நம் கண் விசைகளில் இருக்குமே தவிர எழுதிய வரியில் இராது.

ஆங்கில எழுத்தில் ஒலியைத் தட்டி எழுதுபவராக நீங்கள் இருந்தால் இந்த அறிவுரை போதாது. குறுகிய காலத்துக்கு ஒரு வழி, பெயர் வரும் இடங்களில் மட்டும் தமிழ் எழுத்துப் பலகைக்கு மாறுவது. உலக உருண்டைக் குறியைத் தட்டினால் பலகை மாறும். நீண்ட காலத்துக்கு நான் சொல்வது, தமிழ் 99 பலகையைக் கற்றுக்கொள்ளுங்கள் என்பதே. 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை அடுத்து தமிழ்நாட்டு அரசு ஏற்றுக்கொண்ட அந்தப் பலகையில் ஒரு விசைக்கு ஓர் எழுத்து, ஊகத்துக்கு இடமில்லை. ஒரே மெய்யை இரண்டு தரம் தட்டினால் முதலாவதற்குத் தானாகவே புள்ளி விழும் என்பதால் ஒட்டுசுட்டான், முத்தையன்கட்டு, வட்டக்கச்சி போன்ற இரட்டிப்பு நிறைந்த நம்மூர்ப் பெயர்களுக்கு அது பொருத்தமாகவும் இருக்கிறது. ஐபேட்டில் தமிழ் 99 உள்ளேயே இருக்கிறது. அன்ட்ரொயிட் கருவிக்கு செல்லினம் என்ற செயலியில் கிடைக்கும். என்னிடம் பழகியவர்களுக்குக் கை பிடிபடக் குறைந்தது மூன்று கிழமை சென்றது; பாமினியில் ஊறிய விரல்களுக்கு அதைவிடவும் கூட. அஞ்சல் என்ற பலகையும் ஒலிவழிதான், ஆனால் அது ஊகிப்பதில்லை. எந்த ஆங்கில விசைக்கு எந்தத் தமிழ் எழுத்து என்பது விதியாக இருப்பதால், ஒலிவழியை விடவே முடியாது என்பவர்கள் அதற்கு மாறலாம்.

பழக்கி எடுப்பதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். முடியும், ஆனால் தமிழில் அது ஆங்கிலத்தில் போல இலகு அல்ல. ஜிபோர்ட்டின் டிக்ஷனரி பகுதியில் பேர்சனல் டிக்ஷனரி என்று ஒன்று இருக்கிறது. அங்கே ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டால் அதைப் பிழையாகக் கருதாது. ஒட்டுசுட்டான் என்று சேர்க்கிறீர்கள் என்று வையுங்கள். அறிக்கையில் நீங்கள் எழுதப்போவது ஒட்டுசுட்டான் என்று தனியாக அல்ல; ஒட்டுசுட்டானில், ஒட்டுசுட்டானுக்கு, ஒட்டுசுட்டானிலிருந்து, ஒட்டுசுட்டானைச் சேர்ந்த. ஆங்கிலத்தில் ஊர்ப்பெயர் அசையாமல் நிற்க, முன்னால் ஒரு சிறு சொல் வந்து வேலையை முடித்துவிடும். தமிழில் வேற்றுமை உருபு பெயரோடு ஒட்டிப் புதிய சொல்லாகிவிடுகிறது. ‘குளம்’ என்று முடியும் ஊர்களுக்கு, வன்னியில் அவற்றுக்குக் குறைவில்லை, இன்னும் ஒரு படி மேலே போய் அடியே மாறுகிறது: கனகராயன்குளம், கனகராயன்குளத்தில், கனகராயன்குளத்துக்கு. ஒரு ஊருக்கு ஒரு பதிவு போதாது. நான்கோ ஐந்தோ வேண்டும். உங்கள் பிரிவில் நீங்கள் அன்றாடம் எழுதும் ஊர்கள் பதினைந்து என்றால் எழுபது பதிவுகள் வரும். ஒரு மழை நாளில் உட்கார்ந்து செய்து முடிக்கக்கூடிய வேலைதான். ஆட்களின் பெயர்களுக்கு இதைச் செய்ய முயலாதீர்கள், அதற்கு முடிவே இராது.

இன்னொரு எச்சரிக்கை. கருவி நீங்கள் எழுதுவதைப் பார்த்துத் தானாகவும் கற்கிறது. உங்கள் பிழையையும் சேர்த்தே கற்கும். முரசுமோட்டையை அவசரத்தில் முரசுமொட்டை என்று நாலு தரம் எழுதிவிட்டால், பிறகு அந்த மொட்டை பரிந்துரைப் பட்டியில் வந்து நிற்கும். ஜிபோர்ட்டில் அந்தப் பரிந்துரையை அழுத்திப் பிடித்து, தோன்றும் குப்பைக்கூடைக்குள் இழுத்துவிட்டால் அது போய்விடும். வந்ததும் அகற்றுங்கள், அவசரத்தில் விரல் அதைத்தான் தொடும்.

சுருக்கச் சொல் பற்றிய உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். இதுதான் உங்களுக்கு உண்மையில் நேரத்தை மீட்டுத் தரப்போவது. ஒரு சிறு வரலாற்றுத் தகவல் இங்கே பொருந்தும்: சுருக்கச் சொல்லும் தன்னியக்கத் திருத்தமும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள், சுருக்கச் சொல்தான் மூத்தது. மைக்ரோசொஃப்ட் வேர்டில் முன்பே ஒரு வசதி இருந்தது. நீளமான ஒரு பகுதிக்குக் குறும்பெயர் வைத்துவிட்டு, அந்தப் பெயரைத் தட்டி எஃப் 3 விசையை அழுத்தினால் முழுப் பகுதியும் வந்து விழும். அந்த நிறுவனத்தில் வேலை செய்த டீன் ஹாச்சமோவிச் என்பவர் 1990களின் தொடக்கத்தில் இதே வழியால் ஆங்கிலத்தில் எல்லோரும் விடும் சிறு எழுத்துப் பிழைகளையும் மாற்றலாம் என்று கண்டார். தனி விசை எதற்கு, இடைவெளி விசையே போதுமே என்று ஆனதும் பிறந்தது தன்னியக்கத் திருத்தம். 1993இல் வந்த வேர்ட் 6இல் அது இருந்தது. மூத்ததில் எதை எதுவாக மாற்றுவது என்பதை நீங்களே எழுதி வைக்கிறீர்கள். இளையது தானாக முடிவெடுக்கிறது. பெயர்கள் நிறைந்த உங்கள் வேலைக்கு மூத்ததை நம்பலாம்.

இரண்டு வகைக் கருவிகளிலும் இது ஒரே மாதிரி நடப்பதில்லை. ஐபேட்டில் செட்டிங்ஸ், ஜெனரல், கீபோர்ட், அதனுள் டெக்ஸ்ட் ரீப்ளேஸ்மென்ட் என்ற இடத்தில் முழு வசனத்தையும் அதற்கான சுருக்கச் சொல்லையும் எழுதி வைத்தால், அந்தச் சுருக்கச் சொல்லை எழுதி இடைவெளி விட்டதும் வசனம் தானாக விரியும். ஜிபோர்ட்டில் மேலே சொன்ன அதே பேர்சனல் டிக்ஷனரியில், சொல்லுக்கான கட்டத்தில் முழு வசனத்தையும் ஷோர்ட்கட் கட்டத்தில் சுருக்கத்தையும் எழுத வேண்டும். எழுதும்போது அது பரிந்துரைப் பட்டியில் வரும், நீங்கள் தொட வேண்டும். இதனால்தான் அன்ட்ரொயிட் டெப் வைத்திருக்கும் சிலர் ‘சேர்த்தேன், வேலை செய்யவில்லை’ என்கிறார்கள். அவர்கள் இடைவெளியைத் தட்டிவிட்டுக் காத்திருக்கிறார்கள். பரிந்துரைப் பட்டியை அணைக்க வேண்டாம் என்று முன்னர் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்: அது இல்லாவிட்டால் சுருக்கச் சொல்லும் வெளியே வர வழியில்லை. அகராதியில் மொழியைத் தெரிவு செய்யும்போது எல்லா மொழிகளுக்கும் என்ற தெரிவில் சேர்த்துக்கொள்ளுங்கள். தமிழில் இந்தியா, இலங்கை என்று பிரிவுகள் இருக்கின்றன; எல்லாவற்றுக்கும் சேர்த்தால், ஒன்றில் சேர்த்துவிட்டு மற்றதில் தேடும் குழப்பம் வராது.

சுருக்கச் சொல்லை எப்படித் தெரிவு செய்வது? தமிழில் பொருள் இல்லாத இரண்டு மூன்று எழுத்துகளாக இருக்க வேண்டும். ‘கல்’, ‘நெல்’, ‘மாடு’ என்று வைத்தால் ஒரு நாள் உண்மையாகவே மாட்டைப் பற்றி எழுதும்போது இரண்டு வரி வந்து விழும். உங்கள் யானை வசனத்தையே எடுப்போம்: ‘காட்டு யானைகளால் நெற்பயிர் சேதமடைந்துள்ளமை நேரில் பார்வையிடப்பட்டு உறுதிப்படுத்தப்பட்டது.’ இதற்கு ‘யாசே’ என்று வைத்தால் யானைச் சேதம் என்று நினைவிலும் நிற்கும், வேறெங்கும் தவறி வரவும் மாட்டாது. ஏக்கர் எண்ணிக்கை போல ஒவ்வொரு தரமும் மாறும் பகுதி வசனத்துக்குள் இருந்தால் அந்த இடத்தில் மூன்று உடுக்குறிகளை (***) இட்டுச் சேமியுங்கள். நிரப்ப மறந்தால் கண்ணில் குத்தும். அங்கே ‘2 ஏக்கர்’ என்று ஒரு மாதிரி எண்ணை விட்டு வைப்பது ஆபத்து. ஒருவர் அப்படி வைத்து, ஒரு கிராமம் முழுவதற்கும் இரண்டு இரண்டு ஏக்கராக அறிக்கை அனுப்பியதை நான் அறிவேன்.

சுருக்கச் சொற்களிலும் அந்த வேற்றுமை உருபுச் சிக்கல் தலைகாட்டும். ‘ஒசு’ என்பதை ஒட்டுசுட்டான் என்று விரித்தபின் ‘இல்’ சேர்க்க வேண்டுமானால், முதலில் இடைவெளியை அழித்து, பிறகு ‘ன்’ இன் புள்ளியை அழித்து, அதன்பின் இகரக் குறியை இட வேண்டும். யூனிகோட்டில் புள்ளி தனிக் குறியீடு என்பதால் பெரும்பாலான பலகைகளில் அழிக்கும் விசையை ஒரு தரம் தட்டினால் புள்ளி மட்டும் போய் ‘ன’ நிற்கும். இது தெரியாதவர்கள் எழுத்தே போய்விட்டது என்று எண்ணி மீண்டும் ‘ன’வைத் தட்டி, ‘ஒட்டுசுட்டானனில்’ என்று எழுதிவிடுவார்கள். இதைத் தவிர்க்க நான் கற்பிக்கும் வழி, உருபைப் பெயரில் ஏற்றாமல் பின்னால் வரும் பொதுச் சொல்லில் ஏற்றி, முழுத் தொடரையும் சேமிப்பது: ‘ஒட்டுசுட்டான் பிரதேச செயலாளர் பிரிவுக்குட்பட்ட’. கரைதுறைப்பற்று, புதுக்குடியிருப்பு, துணுக்காய், மாந்தை கிழக்கு போன்ற உங்கள் மாவட்டத்தின் ஏனைய பிரிவுகளுக்கும் இதே அச்சில் ஒவ்வொன்று சேமித்துவிட்டால் பெயர் எங்கும் திரிபடையாமல் நிற்கும். நடை சற்று விறைப்பாகத்தான் இருக்கும். அலுவலக அறிக்கையில் அதை யாரும் குறை சொல்லப் போவதில்லை.

சேமிப்பதற்கு முன் அந்த வசனத்தை எழுத்தெழுத்தாக ஒரு தரம் பாருங்கள், ஏனெனில் சுருக்கச் சொல்லில் ஒரு பிழை இருந்தால் அது முப்பது தரம் பிரதியாகும். அதில் கண்ணுக்குத் தெரியாத பிழைகளும் உண்டு. ‘கௌரி’ என்பதில் ஔகாரக் குறி ஒரே குறியீடு. ஆனால் ஒற்றைக்கொம்பும் ‘ள’வும் தனித்தனியாகத் தட்டி ‘கெளரி’ என்று எழுதினாலும் திரையில் ஏறக்குறைய அப்படியே தெரியும். மனிதக் கண் இரண்டையும் ஒன்றாகப் படிக்கும். கணினிக்கு இவை இரண்டு வேறு பெயர்கள். பட்டியலில் கௌரி என்று தேடினால் கெளரி கிடைக்க மாட்டார். ‘கௌரவ’ என்று தொடங்கும் விளித்தல்கள் நம் கடிதங்களில் நிறைய வருவதால் இதைக் குறிப்பாகச் சொல்கிறேன். ‘ஸ்ரீ’யும் அப்படியே: வழக்கமான ‘ஸ’வைக் கொண்டும் எழுதலாம், 2005இல் யூனிகோட்டில் சேர்க்கப்பட்ட ‘ஶ’வைக் கொண்டும் எழுதலாம், திரையில் பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம். அலுவலகத்தில் ஏற்கெனவே எந்த வடிவத்தில் பதிவுகள் இருக்கின்றனவோ அதையே பின்பற்றுங்கள். தெரியாவிட்டால் பழைய பதிவொன்றைப் பிரதி எடுத்து ஒட்டிச் சேமிப்பது பாதுகாப்பானது. ஒட்டும்போது ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாக ஏதோ வந்து விழுந்தால் அது பாமினியில் எழுதப்பட்டது. அங்கே அரைப்புள்ளிதான் மெய்யெழுத்தின் புள்ளி. அதை யூனிகோட்டுக்கு மாற்றிவிட்டுத்தான் சேமிக்க வேண்டும்.

கைவிட வேண்டிய ஓர் ஆசையையும் சொல்லிவிடுகிறேன். சுருக்கச் சொல் வசதி பிடித்துப்போனவுடன் பலர் அடையாள அட்டை இலக்கத்தையும் வங்கிக் கணக்கு இலக்கத்தையும், சிலர் கடவுச்சொல்லையும் கூட அதில் வைக்கிறார்கள். பரிந்துரைப் பட்டியில் வரும் எதுவும் பக்கத்தில் நிற்பவருக்கும் தெரியும். டெப்பை அடுத்த உத்தியோகத்தர் எடுக்கும்போது அவருக்கும் தெரியும். நீங்கள் பார்வையிடும் குடும்பங்களின் விபரங்களுக்கு இது இன்னும் கடுமையாகப் பொருந்தும். டெப்பைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் ஜிபோர்ட்டின் செட்டிங்ஸில் அது கற்றுக்கொண்ட சொற்களையும் தரவுகளையும் அழிக்கும் தெரிவு இருக்கிறது, அதைச் செய்துவிடுங்கள். பேர்சனல் டிக்ஷனரியில் நீங்கள் கையால் சேர்த்தவற்றைத் தனியாகப் பார்த்து அழிக்க வேண்டும். சிக்னல் இல்லாத இடங்களில் இவை வேலை செய்யுமா என்ற சந்தேகம் இருந்தால், செய்யும். மொழிக்கான கோப்பு ஒரு தரம் இறங்கியிருந்தால் திருத்தமும் பரிந்துரையும் சுருக்கச் சொல்லும் கருவிக்குள்ளேயே நடக்கின்றன.

டெப் மாறினால் கூட வருமா என்பது உங்கள் கடைசிக் கேள்வி. ஐபேட்டில் சொந்த ஆப்பிள் கணக்கும் ஐகிளவுட்டும் இணைந்திருந்தால் டெக்ஸ்ட் ரீப்ளேஸ்மென்ட் பட்டியல் அந்தக் கணக்கோடு அடுத்த கருவிக்கும் வரும். அலுவலகம் தந்த அன்ட்ரொயிட் டெப்பில் உங்கள் சொந்தக் கணக்கு இருப்பது அரிது, திருத்த வேலைக்குப் போனால் முழுவதையும் அழித்துத் தருவார்கள். அங்கே எதுவும் கூட வரும் என்று எண்ணி இருக்காதீர்கள். நான் செய்வது பழைய முறை: 40 பக்கக் கொப்பி ஒன்றில் இடப்பக்கம் சுருக்கச் சொல், வலப்பக்கம் முழு வசனம். அதே வசனங்களை ஒரு மின்னஞ்சலாக எனக்கே அனுப்பியும் வைத்திருக்கிறேன், புதிய கருவி வந்தால் பிரதி எடுத்து ஒட்ட வசதி. போன தடவை டெப் மாறியபோது 38 பதிவுகளையும் திரும்ப ஏற்றி முடிக்க முக்கால் மணித்தியாலம் பிடித்தது. உங்கள் டெப்பின் வகையையும் விசைகளில் எந்த எழுத்து தெரிகிறது என்பதையும் எழுதினால், எதை எங்கே அணைப்பது என்பதைக் குறிப்பாகச் சொல்கிறேன்.